அத்தை பற்றவைத்த பாய்லர்

பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, என்ன படித்திருக்கிறாய் என்பது. சுற்றுச்சூழல் பொறியியல் என்றேன். கூட வந்திருந்த பெரியம்மா ஒருவர் அது மரம் நடுகிற படிப்பா என்று விசாரித்தார். இல்லை, தொழிற்சாலைகளிலிருந்து எவ்வளவு புகை, எவ்வளவு தூசி வெளியே போகிறது என்று கணக்குப் பார்த்து, அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித் தருகிற வேலை என்று விளக்கினேன். பெரியம்மா அத்துடன் பஜ்ஜிக்குத் திரும்பிவிட்டார். மாமாவின் முகம்தான் பளிச்சென்று ஆனது. அவருக்குச் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு புழுங்கலரிசி ஆலை இருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் பிடித்ததோ இல்லையோ, ஆலைக்குப் பெண் பிடித்துவிட்டது என்று பிற்பாடு என் வீட்டுக்காரரே சொல்லிச் சிரித்தார்.

நான் ஒன்றும் சாதுவான மருமகள் இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பிறந்து வளர்ந்தவள். ஹாரன் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்குமே குரல் பெரிசு. எனக்குக் குரலோடு முன்கோபமும் சேர்த்துக் கொடுத்திருந்தான் கடவுள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா காதில் ஓதி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: மாமியாரிடம் மட்டும் வாயைக் கொடுக்காதே. எனக்கு வாய்த்த மாமியாரோ வாயே திறக்காதவர். அத்தை பேசினால் அதிகபட்சம் குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பார். அப்படிப்பட்டவரிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

வீடு ஆலைக்குப் பின்னாலேயே, ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தது. கல்யாணமாகி வந்த மறுநாள் விடிவதற்கு முன்பே முழிப்புத் தட்டியது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால் அத்தை குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தட்டில் கற்பூரம், திருநீறு, ரெண்டு செம்பருத்திப் பூவோடு கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிப்பதற்கு ஆலையில் ஒரு பாய்லர் இருந்தது. அதற்குத் தீனி உமி. பாய்லரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மாமாவும் நின்றார். மூட்டை தூக்குகிறவர்களும் நின்றார்கள். அத்தை கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி, அதை அப்படியே உள்ளே அடுக்கியிருந்த தேங்காய்ச் சிரட்டை மேல் வைத்தார். தீ பிடித்தது. அண்ணன் காற்றாடியைப் போட்டு உமியைத் தள்ளிவிட்டார். எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். தினமும் இதுதான். சாயங்காலம் வேலை முடிந்ததும் பாய்லரை அணைத்துவிடுவார்கள். காலையில் அத்தை கையால்தான் மறுபடியும் எரிய வேண்டும்.

மாமா அதற்கு ஒரு வரலாறு வைத்திருந்தார். ஆலை தொடங்கிய முதல் நாள், மழை ஈரத்தில் உமி பிடிக்கவே இல்லையாம். மாமா முயன்று பார்த்தார், மெக்கானிக் முயன்று பார்த்தார், மண்ணெண்ணெய் ஊற்றியும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காபி கொண்டுவந்த அத்தை, சாமி படத்துக்குக் காட்டிய கற்பூரத்தை உள்ளே போட, குப்பென்று பிடித்துக்கொண்டதாம். அன்றைக்குப் பிடித்தது ராசி. "அவ கைராசிதான் இந்த மில்லு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமா சொல்வார். சொல்லும்போது அவர் குரலே மாறும். அத்தை ஆலைக் கணக்கில் தலையிட மாட்டார், வியாபாரம் பேச மாட்டார். ஆனால் விடிகாலையில் அந்தத் தட்டோடு நடந்து வரும்போது அவருக்காக அத்தனை பேரும் வழிவிட்டு நிற்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கூடவே என் படிப்புக் கண் வேறொன்றையும் பார்த்துத் தொலைத்தது. அத்தை பற்றவைத்துத் திரும்பியதும் புகைபோக்கியிலிருந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பியது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த அடுப்பு சூடேறும்வரை உமி அரைகுறையாகத்தான் எரியும். எரியாத பாதி கரியாகி வானத்துக்குப் போகும். வானத்துக்குப் போனது அங்கேயே இருக்குமா? மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கும்.

அந்தப் பக்கம் இருந்தது டீச்சர் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெள்ளைச் சேலைதான் கட்டுவார். கொடியில் காய்ந்த சேலையில் எங்கள் ஆலை பொட்டுப் பொட்டாக முத்திரை குத்தி வைத்திருக்கும். டீச்சர் அதைச் சுவர் மேல் விரித்து அத்தையிடம் காட்டுவார். அத்தை பாவம் என்று முகத்தைச் சுருக்கி, ஒரு கிண்ணம் எலுமிச்சை ஊறுகாயை நீட்டுவார். அவர்களுக்குள் அப்படி ஒரு சிநேகம். கடைசியில் டீச்சர் பொறுக்க மாட்டாமல் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினார். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் சுவரோரமாக நின்று அத்தைக்கு வாசித்தும் காட்டினார். அத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு வந்தார். மாமாவுக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வருஷம்தான் இரண்டாவது பாய்லர் பேச்சு வந்தது. முந்தின அறுவடையில் மழை பிடித்துக்கொண்டு, வாங்கிப் போட்ட ஈர நெல் களத்திலேயே முளைவிட்டுப் போனது. மாமா அந்த நாற்றுக்கு நடுவே போய் நின்ற கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உலர்த்த இன்னொரு யந்திரம், அதற்கு ஆவி கொடுக்க இன்னொரு பாய்லர் வேண்டும். அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கன்சென்ட் என்கிற அனுமதி வாங்க வேண்டும். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு என்று மாமா என்னைக் கைகாட்டிவிட்டார்.

நான் ஜம்பமாக ஏற்பாடுகளைத் தொடங்கினேன். புகையை அளக்கிற ஆய்வகத்திலிருந்து ஆட்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். புகைபோக்கியில் இருக்கும் துவாரத்தில் குழாயை விட்டு, வெள்ளை வடிகட்டித் தாளில் தூசியைப் பிடித்து எடை போட்டார்கள். தாள் லேசாகத்தான் பழுப்பேறியிருந்தது. முடிவு அழகாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு தல்லாகுளம் வழியாக ஸ்கூட்டரில் அலுவலகத்துக்குப் போகும்போது பாட்டெல்லாம் பாடிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த அதிகாரி என்னைவிட மூத்தவர், நிதானமான பெண்மணி. எல்லாவற்றையும் படித்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, எத்தனை பாய்லர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆலை முழுவதும் சேர்ந்து வெளியே விடுகிற மொத்தப் புகை இப்போது உள்ள வரம்புக்கு மேல் ஒரு துளி ஏறக்கூடாது. இரண்டு, நீங்கள் கொண்டுவந்திருப்பது பத்து மணிப் புகை. மனுவில் இருப்பது விடிகாலைப் புகை. பற்றவைக்கும்போது வருவதும் உங்கள் ஆலைப் புகைதானே, அதையும் அளந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது. படித்த படிப்பு எங்கே போனது என்று வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மொத்த வரம்பு என்றால் என்னவென்று மாமாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனியாக அளவு வைத்தால் போதாதா என்று மடக்கினார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். குளிப்பது, துவைப்பது, செடிக்கு விடுவது எல்லாம் அந்த ஒரு தொட்டியிலிருந்துதான். விருந்தாளி வந்தால் தொட்டி பெரிதாகாது. ஏற்கெனவே இருக்கிறவர்களில் யாராவது வாளியைக் குறைத்தால்தான் வந்தவர் குளிக்கலாம். இரண்டாவது பாய்லர்தான் விருந்தாளி. யார் வாளியைக் குறைப்பது என்று மாமா கேட்டார். அளந்தால்தான் தெரியும் என்றேன்.

விடிகாலை அளவுக்கு ஆய்வகத்துக்காரர்கள் இருட்டோடு வந்தார்கள். புகை அளக்க இத்தனை அதிகாலையில் ஆள் வருகிறார்கள் என்றதும் எங்கள் ஆலையே கல்யாண வீடாகிவிட்டது. வாசலில் பெரிய கோலம். பாய்லருக்கு மாலை. வந்தவர்களுக்கு வெண்பொங்கல், வடை. அத்தை வழக்கமான ஒரு கட்டிக்குப் பதில் கைப்பிடி கற்பூரத்தை வைத்தார். மாமா அதோடு விடாமல் சாம்பிராணித் தூபத்தோடு ஏணியடிவரை வந்துவிட்டார். தூசியைக் கிராம் கணக்கில் அளக்க வந்த மனிதருக்குச் சாம்பிராணிப் புகை காட்டிய ஒரே ஆலை எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் கத்திய கத்தலில் தூபக்காலை டீச்சர் வீட்டுப் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து டீச்சரின் இருமல் கேட்டது.

பாய்லர் அண்ணன் தன் பங்குக்கு, விருந்தாளிகள் மேலே நிற்கிறார்களே, நன்றாக எரியட்டும் என்று ஒரு கூடை உமியைக் கூடுதலாகத் தள்ளிவிட்டார். மேலே நின்றவர் நெற்றியில் விபூதியும் முகமெல்லாம் கரியுமாக இறங்கி வந்தார். வடிகட்டித் தாளை விரித்துக் காட்டினார். நல்ல கண்மைக் கறுப்பு. இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், இன்னொரு நாள் வழக்கம்போல் எரிக்கும்போது வந்து எடுக்கலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்தேன். மறு வாரம் மாலை, தூபம், கூடுதல் உமி ஒன்றும் இல்லாமல் எடுத்தோம். தாள் அப்போதும் கறுப்புதான்.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்த அரைமணி, முக்கால் மணி நேரப் புகை, மீதி நாள் முழுக்க வருகிற புகையோடு போட்டி போட்டுக்கொண்டு நின்றது. எந்த வாளியைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பாய்லரை ராத்திரியில் அணைக்காமல், காற்றைக் குறைத்து, உமியைச் சிறுகச் சிறுக விட்டுச் சூட்டைக் காப்பாற்றி வைத்தால் விடிகாலைப் புகை அநேகமாகக் கிடையாது. ராத்திரி எரிகிறதையும் சேர்த்துக் கூட்டினாலும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்குள் இரண்டாவது பாய்லர் தாராளமாக அடங்கும். பாய்லர் அண்ணனைக் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம், ராத்திரிக்கு மச்சினனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். சூடு ஆறாத பாய்லருக்கு ஆயுசும் கூடுதலாம். துப்புரவுக்காக நிறுத்தும்போது மட்டும்தான் மறுபடி பற்றவைக்க வேண்டியிருக்கும்.

நான் துள்ளிக் குதித்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அம்மா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் அணைக்காவிட்டால் தினமும் பற்றவைப்பது கிடையாது. அத்தைக்கு அந்த ஆலையில் இருந்த ஒரே இடம் அதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால், இனி நீ தேவையில்லை, வீட்டோடு இரு என்று சொல்கிற மாதிரி ஆகாதா? அதுவும் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் கணக்குப் போட்டு மாமியார் கைநெருப்பைப் பறித்தாள் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? எனக்கு அதைவிட, வாயில்லாத அந்த மனுஷி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுவாரே என்பதுதான் பெரிய பயம்.

மாமாவிடம் சொன்னதும் அவர் அடியோடு மறுத்துவிட்டார். புதுப் பாய்லரும் வேண்டும், பழையதை ராத்திரி அணைக்கவும் வேண்டும், வேறு வழி பார் என்றார். புகையை வடிகட்டத் துணிப்பை வைக்கலாமே என்றார். ஆறின அடுப்பின் ஈரப்புகைக்குப் பை அடைத்துக்கொள்ளும் மாமா என்றேன். அப்புறம் அப்பாவும் மகனும் ஆளுக்கொரு யோசனையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போய்விட்டு, திரும்புவதற்குள் மாற்றிவிடலாம் என்றார் மகன். பேசாமல் மோட்டார் சுவிட்சைத் தினமும் அவள் கையால் போடச் சொல்லலாம் என்றார் அப்பா. எரிகிற பாய்லருக்குள்ளேயே அத்தை கற்பூரம் போட்டுவிட்டுப் போகட்டும், தெரியவா போகிறது என்றும் ஒரு யோசனை. உள்ளே தகதகவென்று எரிகிற தீ அவர் கண்ணுக்குத் தெரியாதா? இரண்டு ஆம்பளைகளும் எனக்கு எதிரே உட்கார்ந்து இப்படி ரகசியம் பேசியது போதாதென்று, அத்தை வந்தால் கப்சிப் என்று பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். அத்தை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போவார்.

இப்படியே இழுத்தடித்ததில் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வயல்களில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கறிக்குழம்பு. அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். காலம் மாறுகிறது என்றார். டீச்சர் நல்லவர் என்றார். சிறிது நேரம் கழித்து, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றார். வீட்டுக்காரர் ஒரு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தை, இனிமே பாய்லர ராத்திரி அணைக்கக் கூடாது. அணைச்சாப் புதுப் பாய்லருக்கு அனுமதி கெடைக்காது. அணைக்கலன்னா நீங்க தெனமும் பத்தவைக்க வேண்டியிருக்காது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். அத்தையைக் காப்பாற்றுவதாக நினைப்பு. "அவ சொல்றத நீ மனசுல வச்சுக்காத. நான் ஒத்துக்கிற மாட்டேன். மிசினா இருந்தா என்ன, பகலெல்லாம் அம்புட்டு வேலை பாக்குதுல்ல? மனுசனாட்டம் அதுக்கும் ராத்திரி ரெஸ்ட் வேணும்."

அத்தை கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார்.

"பாய்லருக்கு ரெஸ்ட் குடுத்தீக," என்றார். "எனக்கு?"

குரலைக்கூட உயர்த்தாமல்தான் பேசினார்.

"இவன் வயித்துல இருந்தப்பவும் நாலு மணிக்கி எந்திரிச்சேன். காச்சல்ல கெடந்தப்பக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனீக. எங்கம்மா வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போனதில்ல, காலையில யாரு பத்தவைக்கிறதுன்னு. ராசி ராசின்னீக. எந்திரிக்க முடியுதான்னு ஒரு நா கேட்டீகளா?"

மாமா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். அவர் முகம் சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முனகினார்.

"எப்பிடிச் சொல்ல? அம்புட்டு நம்புனீக" என்றார் அத்தை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இத்தனை நாளாக நாங்கள் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டது எதற்கு? எதைப் பிடுங்கிவிடுவோமோ என்று நாங்கள் நடுங்கினோமோ, அதை எப்போது எடுப்பார்கள் என்று இவர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்திருக்கிறார். டீச்சர் மனுவைக் காது குளிரக் கேட்டுவிட்டு வந்ததும் சும்மா இல்லை. வாசிக்க வாசிக்க மனசுக்குள் எப்படிக் குளிர்ந்திருக்கும்!

அத்தை என் பக்கம் திரும்பி, நாளையிலிருந்தே அணைக்காமல் வைக்கலாமா என்று கேட்டார். இன்று ராத்திரியிலிருந்தே வைக்கலாம் அத்தை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எனக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார்.

"அப்ப காலையில ஏழு மணிக்கி எனக்கொரு காப்பி வேணும். யாரு போடுறதுன்னு ஒங்களுக்குள்ள பேசிக்கிருங்க."

அனுமதி அந்த அறுவடைக்குள் வந்துவிட்டது. இரண்டாவது பாய்லரும் வந்தது. ஆலையின் மொத்தப் புகை வரம்புக்குள்ளேயே நிற்கிறது. துப்புரவுக்காக எப்போதாவது நிறுத்திப் பற்றவைக்கும்போது பாய்லர் அண்ணனே தீப்பெட்டியால் பற்றவைக்கிறார். நன்றாகத்தான் பிடிக்கிறது. டீச்சர் சேலையும் வெளுப்பாகக் காய்கிறது.

ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் கண்ணுக்குள் நிற்கிறது. மாமா வழக்கம்போல விடிகாலையிலேயே எழுந்துவிட்டார். ஆலைக்குப் போகவில்லை. அடுப்படியில் இங்கும் அங்கும் உருட்டிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போன என்னைப் போகச் சொல்லிவிட்டார். டிக்காஷன் இறங்கவில்லை, பால் ஒரு தடவை பொங்கி வழிந்தது. ஏழு மணிக்கு டம்ளரும் டவராவுமாக அறை வாசலில் போய் நின்றார். உள்ளே அத்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தை குறட்டை விடுவார் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமா எழுப்பவில்லை. வாசலிலேயே நின்றார். காபி ஆற ஆற அடுப்படிக்கு வந்து சூடு பண்ணிக்கொண்டு, மறுபடியும் போய் நின்றார்.